‘உப்புச் சத்து குறைஞ்சு போச்சு’: சோடியம் 107-இல் வந்த மூதாட்டி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே, தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் 67 வயது மூதாட்டி. சித்திரை மாதத்து விடியற்காலை 6.40 மணிக்கு அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்பட்டார். வீட்டில் இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. கட்டிலில் கிடத்தும்போதே மூன்றாவது முறை வந்தது. நாக்கைக் கடித்திருந்தார்.

உடன் வந்த மருமகள் சொன்னது: “ஒரு வாரமாவே அத்தைக்குக் காலு தள்ளாடுதுங்க. கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசறாங்க. வயசாச்சுன்னு உட்டுட்டமுங்க. முந்தாநேத்திருந்து ஒரே வாந்தி. நேத்துச் சாயங்காலம் குளுக்கோஸ் ஏத்திக் கூட்டியாந்தோம், ராத்திரியே மயங்கிட்டாங்க.”

நோயின் வரலாறு முழுவதும் இந்த ஐந்தாறு வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் படிப்பதுதான் இந்த ஆய்வு. இது ஒரே ஒருவரின் கோப்பு அல்ல. கோடையில் கொங்கு வட்டாரத்து மருத்துவமனைகளுக்கு வரும் ஒரே மாதிரியான நோயாளிகளை ஒருவராகத் தொகுத்து, எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி எழுதப்பட்டது. படிப்பவர் கூடவே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வருவதற்கு முந்தைய மூன்று வாரம்

எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தம். அம்லோடிபின் 5 மி.கி. மட்டும் சாப்பிட்டு வந்தார். மூன்று வாரத்துக்கு முன் அழுத்தம் 160/90 இருந்ததால் டெல்மிசார்ட்டன் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு (சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை மருந்து) 12.5 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரை கூடுதலாக எழுதப்பட்டது. ‘உப்பைக் குறையுங்க’ என்று சொன்னதை அவர் ‘உப்பே வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டார். உப்பில்லாத கஞ்சி, சப்பென்று ரசம், ஊறுகாய் கிடையாது, மோரிலும் உப்பு கிடையாது. அதே சமயத்தில் நீர்க்கடுப்பு வந்தது. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்த யோசனைப்படி, ஒரு லிட்டர் பாட்டிலை நான்கு முறை நிரப்பிக் குடித்து முடித்துக்கொண்டிருந்தார். பசி குறைந்தது. பருப்பு, முட்டை, கொள்ளு எதுவும் இறங்கவில்லை. கஞ்சியும் டீயும்தான்.

வாந்தி தொடங்கிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. வருவதற்கு முந்தைய நாள் காலைதான் கடைசி மாத்திரை. அன்று மாலை ஒரு கிளினிக்கில் 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் 5% இரண்டு பாட்டில் ஏற்றப்பட்டது. இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை.

தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய தவறு இல்லை. மாத்திரை சரியான மாத்திரைதான். உப்பைக் குறைக்கச் சொன்னதும் சரிதான். நீர்க்கடுப்புக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் வழக்கம்தான். ஆனால் மூன்றும் ஒரே 48 கிலோ உடம்பில், ஒரே மாதத்தில், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் வந்து சேர்ந்தன.

பரிசோதனையும் முதல் எண்களும்

நினைவு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ அளவு 15-க்கு 9. கண்மணிகள் சம அளவில், வெளிச்சத்துக்குச் சுருங்கின. கைகால் இரு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தன. காய்ச்சல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை. நாடி 92, அழுத்தம் 146/84, ஆக்சிஜன் 93%. கால் வீக்கம் இல்லை. கட்டில் எடை 49.5 கிலோ. மூன்று வாரத்துக்கு முந்தைய மருந்துச்சீட்டில் 48 என்று இருந்தது. இந்த ஒன்றரைக் கிலோவை நினைவில் வைக்க வேண்டும்.

விரல் நுனிச் சர்க்கரை 124. சோடியம் 107 (இயல்பு 135 முதல் 145 வரை), பொட்டாசியம் 2.7, குளோரைடு 70, பைகார்பனேட் 29 (லிட்டருக்கு மில்லிமோல், நம் ஆய்வகங்கள் மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சிடுவதும் இவற்றுக்கு இதே எண்தான்). யூரியா 18 மி.கி., கிரியாட்டினின் 0.6 மி.கி., மெக்னீசியம் 1.4 மி.கி. சிறுநீரில் சோடியம் 62, பொட்டாசியம் 38, ஆஸ்மொலாலிட்டி (கரைபொருள்களின் மொத்தச் செறிவு) 410.

இரத்தத்தின் ஆஸ்மொலாலிட்டியைக் கணக்கிட்டால்: 2 × 107, கூட்டல் 124/18, கூட்டல் 18/6. ஏறக்குறைய 224. இயல்பு 275 முதல் 295 வரை. ஆகவே இது உண்மையான குறைவு. சர்க்கரை மிக ஏறியதால் தண்ணீர் இழுக்கப்பட்டு வந்த குறைவு அல்ல.

இரத்தம் எடுத்த கையையும் கவனிக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில், ஊசிக்கு மேலே எடுத்தால் சோடியம் பொய்யாகக் குறையும், சர்க்கரை பொய்யாக ஏறும். இவருக்குச் சர்க்கரை 124தான். எடுத்தது மறு கை. எண்ணை நம்பலாம்.

அந்த 107 எதைக் கணக்கிடுகிறது

‘உப்புச் சத்து குறைஞ்சு போச்சு’ என்று நம் ஊரில் சொல்கிறோம். ஆய்வக எண் அப்படிச் சொல்லவில்லை. உடம்பில் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதை அது காட்டாது. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். 1958-இல் எடெல்மன் குழுவினர் காட்டிய உறவு இன்றும் படுக்கையருகே உதவுகிறது: உடம்பில் பரிமாறக்கூடிய சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, உடம்பின் மொத்தத் தண்ணீரால் வகுத்தால் ஏறத்தாழ இரத்தச் சோடியம் வரும். மேலே சோடியத்தோடு பொட்டாசியமும் நிற்கிறது. பின்னால் இந்த நோயாளியைக் காப்பாற்றியதும், இடையில் தடுமாற வைத்ததும் இந்தக் கூட்டல்தான்.

வயதான பெண்ணுக்கு எடையில் சுமார் 45% தண்ணீர். 48 கிலோவுக்கு 21.6 லிட்டர். முன்பு சோடியம் 137 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கூடியதால் மட்டுமே 107-க்கு இறங்கியது என்றால் உடம்பில் 27.7 லிட்டர் இருக்க வேண்டும். அதாவது ஆறு லிட்டர் ஏறியிருக்க வேண்டும், எடையும் ஆறு கிலோ கூடியிருக்க வேண்டும். கூடியது ஒன்றரைக் கிலோதான். ஆகவே 23.1 லிட்டர் தண்ணீர், அதில் 107 வீதம் ஏறத்தாழ 2,470 மில்லிமோல். முன்பு இருந்தது 137 × 21.6, அதாவது 2,960. வித்தியாசம் சுமார் 490 மில்லிமோல். மாத்திரையும் வாந்தியும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றியிருக்கின்றன. அதன் மேல் தண்ணீரும் தேங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்ததே தயசைடு தரும் சோடியம் குறைவின் அடையாளம். வீக்கம் இருக்காது, வறட்சியும் பெரிதாகத் தெரியாது. பார்த்தால் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். அதனால்தான் தவறிப்போகிறது.

தண்ணீர் ஏன் வெளியேறவில்லை

சிறுநீரகம் தண்ணீரைத் தனியாக வெளியேற்ற முடியாது. கரைபொருளோடு சேர்த்துத்தான் அனுப்ப முடியும். மூன்று வேளை நன்றாகச் சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 900 மில்லி ஆஸ்மோல் கரைபொருள் கிடைக்கும். அதில் பெரும்பங்கு உப்பும், புரதம் சிதைந்து வரும் யூரியாவும். உப்பில்லாக் கஞ்சியும் டீயும் குடிப்பவருக்கு 250 கிடைத்தால் அதிகம். நல்ல நிலையில் இருக்கும் வயதான சிறுநீரகம் சிறுநீரை 100 வரை நீர்க்க வைக்கும் என்று கொண்டால், 250-ஐ வைத்து இரண்டரை லிட்டர் வெளியேற்றலாம். இவருடைய சிறுநீரோ 410. ஆகவே 250 வகுத்தல் 410, ஒரு நாளில் வெறும் 600 மி.லி. வியர்வையிலும் மூச்சிலும் ஒரு லிட்டருக்கு மேல் போனாலும், குடித்த நாலு லிட்டரில் மிச்சம் உள்ளேதான். குடித்ததில் ஒரு பகுதி வாந்தியில் வெளியே போகாமல் இருந்திருந்தால் சோடியம் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும்.

சிறுநீர் 410-க்குக் கீழே நீர்க்காமல் நின்றதற்குக் காரணம் இரண்டு. சிறுநீரகக் குழலின் தொலைச் சுருள் பகுதியில் சோடியம், குளோரைடு உள்ளிழுக்கப்படுவதால்தான் சிறுநீர் நீர்க்கிறது. தயசைடு அடைப்பது அந்த இடத்தை. ஃப்ரூசமைடு என்ற இன்னொரு நீர் பிரிக்கும் மருந்து அடைப்பது, அதே குழலில் அதற்கு முன்னால் வரும் ஹென்லே வளைவை. அது சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்கும் செறிவையும் குலைப்பதால், வாசோபிரசின் (தண்ணீரைச் சிறுநீரில் விடாமல் தேக்கி வைக்கும் ஹார்மோன்) இருந்தாலும் தண்ணீரைப் பெரிதாகத் தேக்க முடியாது. அதனால்தான் வேகமாக நீர் பிரிக்கும் ஃப்ரூசமைடைவிட, மெதுவான தயசைடு இந்த ஆபத்தை அதிகம் தருகிறது. இரண்டாவது காரணம் குமட்டல். வாசோபிரசினைச் சுரக்க வைப்பதில் குமட்டலுக்கு இணையான தூண்டுதல் குறைவு. சோடியம் குறைந்ததால் குமட்டல், குமட்டலால் வாசோபிரசின், அதனால் தண்ணீர் தேக்கம், சோடியம் மேலும் குறைவு.

இந்தச் சுற்றுக்குள்தான் முந்தைய நாள் மாலை டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்கள் வந்தன. 5% டெக்ஸ்ட்ரோஸில் சோடியம் பூச்சியம். லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். அது செல்லுக்குள் போய் எரிந்ததும் மீதி வெறும் தண்ணீர். 110 அளவில் இருக்கும் ஒருவருக்கு ஒரு லிட்டர் முழுவதும் உள்ளே தங்கினால் சோடியம் சுமார் ஐந்து இறங்கும். தள்ளாடிக்கொண்டிருந்தவரை வலிப்புக்குத் தள்ள அந்த ஐந்து போதும்.

நம் பக்கம் பாட்டிலில் ஏறுவது எல்லாமே ‘குளுக்கோஸ்’தான். நோயாளி சொல்லும் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நார்மல் சலைனில் சோடியம் 154, ரிங்கர் லாக்டேட்டில் 130, டி.என்.எஸ். என்பதில் 154-உடன் குளுக்கோஸும், வெறும் டெக்ஸ்ட்ரோஸில் பூச்சியம். எந்தப் பாட்டில் என்று கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் காலிப் பாட்டிலின் லேபிளை மொபைலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இவர் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம்

இடப்பக்கமாகச் சாய்த்து, ஆக்சிஜன் வைத்து, லோரசெபாம் 2 மி.கி. நரம்பில். வலிப்பு மருந்து இங்கே துணைக்குத்தான். மூளைச் செல்கள் தண்ணீரில் ஊதியிருக்கும்போது வலிப்பை நிறுத்துவது 3% சோடியம் குளோரைடு.

அதில் லிட்டருக்கு 513 மில்லிமோல், 100 மி.லி. பாட்டிலில் 51. முழங்கை மடிப்பில் நல்ல ஊசி இருந்தால் அதிலேயே போடலாம். கழுத்து நரம்பில் குழாய் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பது வீண் தாமதம். 100 மி.லி. பத்து நிமிடத்தில், தேவைப்பட்டால் இன்னொன்று, அதிகபட்சம் மூன்று. 150 மி.லி. இருபது நிமிடத்தில் என்ற ஐரோப்பிய வழிமுறையும் (2014) ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். எதிர்பார்க்க வேண்டிய ஏற்றம்: 513-லிருந்து 107-ஐக் கழித்து, 24.1-ஆல் (உடம்பின் 23.1 லிட்டரும் ஏற்றும் ஒரு லிட்டரும்) வகுத்தால் லிட்டருக்கு 16.8. ஆக 100 மி.லி.க்கு 1.7.

3% பாட்டில் இல்லாத இடங்களில் 8.4% சோடியம் பைகார்பனேட் 50 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய அதே அளவு சோடியம் போய்ச் சேரும். உயிருக்கு ஆபத்தான நிமிடத்தில் அதைச் செய்யலாம். ஆனால் இவருக்கு ஏற்கெனவே பைகார்பனேட் 29, பொட்டாசியம் 2.7, அது பொட்டாசியத்தை இன்னும் கீழே தள்ளியிருக்கும். எனவே அவசரப் பிரிவு அலமாரியில் 3% நான்கு பாட்டில் எப்போதும் இருக்க வேண்டும். விலை அதிகமில்லை.

முதல் 100 மி.லி. முடியும்போது வலிப்பு நின்றது. இரண்டாவது முடிந்து 7.40-க்கு எடுத்த சோடியம் 111. கூப்பிட்டால் கண் திறந்தார். நான்கு ஏறிவிட்டது, வலிப்பும் நின்றுவிட்டது. மூன்றாவது பாட்டில் போடப்படவில்லை. இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்வது கடினம். எண் இன்னும் 111-ஆக இருக்கிறதே, குடும்பம் வாசலில் நிற்கிறதே என்று தோன்றும். மூளை வீக்கத்தின் உடனடி ஆபத்தைத் தவிர்க்க நான்கு முதல் ஆறு வரையிலான ஏற்றம் போதும். அதற்கு மேல் அன்றைக்கு ஏற்றுவதால் நோயாளிக்கு எந்த நன்மையும் இல்லை.

எல்லைக்கோடு எங்கே

இரண்டு நாளுக்கு மேல் சோடியம் குறைந்திருந்தால் மூளைச் செல்கள் அதற்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும். முதல் சில மணி நேரத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். அடுத்த இரண்டு நாளில் மயோ இனோசிட்டால், டாரின், குளூட்டமேட் போன்ற கரிமக் கரைபொருள்களையும் விட்டுவிடும். அதனால் வீக்கம் வடியும். வெளியே சோடியத்தை விரைவாக ஏற்றினால் இழந்தவற்றைச் செல்கள் அதே வேகத்தில் திரும்பச் சேர்க்க முடியாது. தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுச் செல்கள் சுருங்கும், நரம்பின் மயலின் உறை சிதையும். 1959-இல் ஆடம்ஸ், விக்டர், மன்கால் மூவரும் மதுப்பழக்கமும் ஊட்டக்குறைவும் உள்ளவர்களிடம் மூளைத் தண்டில் கண்டு விவரித்தது இதைத்தான். வேகமாக ஏற்றுவதுதான் காரணம் என்பது பின்னர்தான் விளங்கியது.

இதன் கொடுமை, இது தாமதமாக வருவது. சோடியம் சரியாகி, நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசி, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் நேரத்தில், இரண்டு முதல் ஆறு நாள் கழித்து, பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும். தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கலாம்.

யாருக்கு அதிக ஆபத்து? சோடியம் 105 அல்லது அதற்குக் கீழே, பொட்டாசியம் குறைவு, ஊட்டக்குறைவு, மதுப்பழக்கம், கல்லீரல் நோய். இவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. எனவே எந்த 24 மணி நேரத்திலும் எட்டுக்கு மேல் ஏறக் கூடாது. மறுநாள் காலை 6.40 வரை 115-ஐத் தாண்டக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்பட்டது.

பொட்டாசியமும் சோடியத்தை ஏற்றும்

8 மணி முதல் 1 மணி வரை, பொட்டாசியம் 2.7-க்காக, 500 மி.லி. நார்மல் சலைனில் 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு வீதம் இரண்டு பாட்டில், மணிக்கு 200 மி.லி. மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம் தனியாக. மெக்னீசியம் ஏறாமல் பொட்டாசியம் நிற்காது. நம்மூரில் கிடைக்கும் 15% பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் 10 மி.லி.யில் 20 மில்லிமோல் இருக்கிறது. நேராக ஒருபோதும் நரம்பில் செலுத்தக் கூடாது. கை நரம்பில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகக் கூடாது.

சோடியத்துக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்று நினைத்த இந்த ஐந்து மணி நேரத்தில் அது 111-லிருந்து 113 ஆனது. காரணம் வெளிப்படை. அந்த ஒரு லிட்டரில் சோடியம் 154, பொட்டாசியம் 40. சேர்த்து 194. இவருடைய இரத்தத்தோடு ஒப்பிட்டால் அது செறிந்த திரவம்தான். உள்ளே போகும் பொட்டாசியம் செல்லுக்குள் நுழைகிறது, மாற்றாகச் சோடியம் வெளியே வருகிறது. எடெல்மன் கூட்டலில் இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. சோடியம் ஏறிய கணக்கை எழுதும்போது பொட்டாசியத்தைக் கூட்டாமல் விடுவது, பயிற்சி மருத்துவர்கள் மட்டுமல்ல, அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு.

திரும்பிப் பார்க்கையில் அந்த ஒரு லிட்டர் சலைன் தேவையில்லை. விழுங்கும் நிலை வந்த பிறகு பொட்டாசியம் குளோரைடு சிரப் (15 மி.லி.யில் 20 மில்லிமோல்) கொடுத்திருந்தாலே போதும். அளவு மட்டுமல்ல சிக்கல். இரத்தக்குழாய்கள் நிரம்பியதும் வாசோபிரசினுக்கு இருந்த ஒரு காரணம் போய்விட்டது. ஆண்டன்செட்ரானில் குமட்டலும் நின்றிருந்தது. கடைசி மாத்திரை போட்டு 24 மணி நேரம் தாண்டி, தயசைடின் பிடியும் தளர்ந்திருந்தது. மூன்று தாழ்ப்பாளும் ஒரே நண்பகலில் திறந்தன.

பிற்பகல்: தவறிய நான்கு மணி நேரம்

1 மணி வரை சிறுநீர் மணிக்கு 60, 70 மி.லி. பிறகு பணிமாற்ற நேரம். பையைக் காலி செய்தவர் மொத்த அளவை மட்டும் எழுதினார், மணிக்கணக்கு எழுதப்படவில்லை. 5 மணிக்குப் பார்த்தபோது நான்கு மணி நேரத்தில் 1,100 மி.லி., கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக. அதன் ஆஸ்மொலாலிட்டி 98, சோடியம் 14, பொட்டாசியம் 10. இரத்தச் சோடியம் 116.

ஒன்பது ஏறிவிட்டது, இன்னும் 14 மணி நேரம் மிச்சம். இதே வேகத்தில் போனால் நள்ளிரவுக்குள் 121-ஐத் தாண்டும்.

1,100 மி.லி.யில் சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து லிட்டருக்கு 24 மட்டும். 24 வகுத்தல் 113 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மீதி ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 870 மி.லி., உப்பே இல்லாத வெறும் தண்ணீராக வெளியே போயிருக்கிறது. மருந்து ஏற்றாமலே சோடியம் ஏறுவது இப்படித்தான். 3% சலைனைக் கண்டு பயப்படுகிறோம். வேக ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாம் ஏற்றும் பாட்டில் அல்ல, சிறுநீரகம் திறந்துவிடும் தண்ணீர். எனவே சோடியம் 120-க்குக் கீழே இருக்கும் யாருக்கும் சிறுநீரை மணிக்கொரு முறை எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து 100-க்கு மேல் போனால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரின் நிறம்கூட முன்னெச்சரிக்கைதான். மஞ்சள் வெளிறியதும் செவிலியர் சொல்லியிருந்தால் மூன்று மணிக்கே தெரிந்திருக்கும்.

திரும்ப இறக்குதல்

5.15-க்கு, வாசோபிரசினைப் போலவே தண்ணீரைத் தேக்கும் மருந்தான டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் நரம்பில் (மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் ஆம்பியூலில் அரை மி.லி.). எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப. இது சிறுநீரகக் கதவை மூடும். கூடவே டெக்ஸ்ட்ரோஸ் 5%, கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி., அதாவது மணிக்கு 150 மி.லி. முந்தைய நாள் இவரை வலிப்பில் தள்ளிய அதே பாட்டில்தான் இப்போது மருந்து. கதவு மூடியிருக்கும்போது வெறும் தண்ணீர் கொடுத்தால் சோடியம் இறங்கும் என்ற ஒரே விதி இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. முந்தைய நாள் அது தெரியாமல் நடந்தது, இன்று அளந்து நடக்கிறது.

அளப்பது முக்கியம். மணிக்கொரு முறை சோடியம், எப்போதும் ஒரே கருவியில். இரத்த வாயுக் கருவியும் ஆய்வகக் கருவியும் இரண்டு மூன்று எண் வேறுபடலாம். ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் பார்த்தால், இல்லாத ஏற்றத்தைத் துரத்துவோம். டெஸ்மோபிரசின் போட்டிருக்கும்போது வாய்வழித் தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும்; குடும்பத்தார் அன்போடு ஊற்றிக் கொடுக்கும் ஒரு சொம்பு எல்லாக் கணக்கையும் குலைக்கும்.

மூன்று மணி நேரத்தில் 450 மி.லி. போனது, சிறுநீர் மணிக்கு 40-க்கு இறங்கியது. 8.30-க்கு சோடியம் 114. டெக்ஸ்ட்ரோஸ் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை 6.40-க்கு 114. 24 மணி நேரத்தில் ஏழு, எல்லைக்குள்.

அடுத்த நாட்கள் மெதுவாகவே ஏறின: இரண்டாம் நாள் முடிவில் 119, மூன்றாம் நாள் 125, நான்காம் நாள் 129, ஐந்தாம் நாள் 132. டெஸ்மோபிரசின் இரண்டாம் நாளோடு நிறுத்தப்பட்டது. பொட்டாசியம் சிரப் மூன்றாம் நாள் 3.9 வந்ததும் நிறுத்தப்பட்டது. தினமும் காலை பேச வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் விழுங்க வைத்து, இரு கைகளையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

பக்கவாதமா என்று சி.டி. ஸ்கேன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது, இயல்பு. தைராய்டு, காலை கார்ட்டிசால் இரண்டும் இயல்பு. கார்ட்டிசாலைப் பார்க்காமல் விடக் கூடாது. மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு கலந்த பொட்டலம் பல ஆண்டு சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவர்கள் இந்தப் பகுதியில் குறைவில்லை. வாசோபிரசின் தேவையின்றிச் சுரக்கும் நிலையா என்று சிறுநீர்ச் சோடியம் 62-ஐப் பார்த்துக் கேட்கத் தோன்றும். தயசைடு உள்ளே இருக்கும்போது அந்த எண் எதையும் பிரித்துச் சொல்லாது. மாத்திரையை நிறுத்திய பிறகு சிறுநீர் தானே நீர்த்து, சோடியம் ஏறியதுதான் விடை.

வெயிலில் களை எடுத்துவிட்டு, தறியில் நின்றுவிட்டு மயங்கி வருபவரோடு இவரைக் குழப்பக் கூடாது. அவர் வியர்வையில் தண்ணீரும் உப்பும் இரண்டும் இழந்தவர். விழுங்க முடிந்தால் அவருக்கு ஓ.ஆர்.எஸ். சரி: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் 75. வலிப்போடு 107-இல் இருப்பவருக்கு அந்த 75 என்பது நீர்த்த திரவம், இறக்கத்தான் செய்யும். பொள்ளாச்சி இளநீரும் இங்கே உதவாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்.

வீட்டுக்கு அனுப்புமுன்

ஏழாம் நாள், சோடியம் 134. மூதாட்டி கேட்ட முதல் கேள்வி: “இனி உப்புப் போட்டுக்கலாமா சாமி? போடக் கூடாதுன்னாங்களே.”

“போட்டுக்குங்க ஆத்தா. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் மட்டம். ஊறுகா, அப்பளம் வேண்டாம். தண்ணி தாகத்துக்குக் குடிங்க, பாட்டில் கணக்குக்குக் குடிக்காதீங்க.”

மருமகளிடம் சொன்னது இன்னும் விவரமாக: தினமும் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு. தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு யூரியா வேண்டும், அது புரதத்திலிருந்துதான் வரும். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு வேண்டாம். அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு இருக்கும், டெல்மிசார்ட்டனோடு சேர்ந்தால் பொட்டாசியம் எல்லை மீறலாம். நடை தள்ளாடினால், பேச்சு மாறினால், வயசாச்சு என்று விடாமல் அன்றைக்கே சோடியம் பார்க்க வேண்டும்.

அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5, டெல்மிசார்ட்டன் 40 மட்டும் தொடர்ந்தன. தயசைடு ஒரு முறை இப்படிச் செய்தவருக்கு மறுபடி கொடுத்தால் மறுபடியும் செய்யும். அளவைக் குறைத்துப் பார்ப்பது பாதுகாப்பல்ல. மாத்திரையை எழுதிய மருத்துவருக்குக் கடிதம் போனது. அதில் குறை கூறும் வரி ஒன்றும் இல்லை, கோரிக்கை ஒன்று மட்டும்: 60 வயதுக்கு மேற்பட்ட, எடை குறைந்த பெண்ணுக்குத் தயசைடு தொடங்கினால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லி முதல் நாளே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதினான்காம் நாள் மறுபடி வந்தார். நடந்தே வந்தார். பேச்சு தெளிவு, சோடியம் 136, பொட்டாசியம் 4.3, எடை 47.5. மருந்து நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: தயசைடு வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு மூன்றும் இவருக்குக் கூடாது.